வீடியோ அப்பா

சரவணா,

நேற்று சாயங்காலம் நீ அனுப்பிய பதினோரு வீடியோக்களையும் அழித்துவிட்டேன். முதல் ஒன்றை மட்டும் முழுதாகப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டு, தலையில் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு, எதிரே யாருமே இல்லாத சுவரைப் பார்த்து, "ஊதும்மா... ஊது... இன்னும் ஜோரா... ஆங், சூப்பர்!" என்று கைதட்டுகிறாய். உன் மகள் மித்ரா இன்னும் ஊதாத மெழுகுவத்திக்கு, இன்னும் எட்டு நாள் கழித்து வரப்போகிற ஆறாவது பிறந்தநாளுக்கு, நீ முன்கூட்டியே தட்டி வைத்த கை. எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் கீழே உன் குறிப்பு: "பர்த்டேக்கு ஒண்ணு, மீதி பத்து டெய்லிக்கு. மாத்தி மாத்திப் போடுப்பா. சட்டை வேற வேற போட்டு எடுத்துகினேன், சந்தேகம் வராது." சந்தேகம் வராது. பெற்ற மகளைப் பற்றி ஒரு தகப்பன் எழுதுகிற வார்த்தையா இது? திருடன் கூட்டாளிக்கு எழுதுகிற வார்த்தை. கூட்டாளி நான்தான் என்பதுதான் எனக்கு அதைவிட அருவருப்பு.

போனில் சொன்னால் பாதியில் "சூப்பர்வைசர் கூப்பிடறாருப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சுகன்யா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படிப்பதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, உன் மனைவி அவள். நான் இதை மூடி எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் என் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் மருமகனும் உன்னைப் போல வெளிநாட்டில். பேரனைச் சமாளிக்க முடியவில்லை என்று அவர் புலம்பியபோது, இந்த வீடியோ வித்தையை நான்தான் அவருக்குப் பெருமையாகக் கற்றுக்கொடுத்தேன். அவருக்கும் ஒரு பிரதி தரப்போகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கத்தாருக்குப் போன முதல் எட்டு மாதம் நல்ல தகப்பனாக இருந்தாய். அடுத்த வீட்டில் இருக்கிற தகப்பன்கூட அப்படி இல்லை. சுகன்யா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை முடித்து வர எட்டு மணி ஆகிறது. உன் அம்மா போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தைக்கு அதுவரை நான்தான் துணை. ஏழு மணிக்கு, அங்கே நாலரைக்கு, வேலை முடிந்து அறைக்கு வந்ததும் நீ அழைப்பாய். நான் போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைப்பேன். முதல் வாரம் "சாப்டியா, ஸ்கூலுக்குப் போனியா" என்று கேட்டுப் பார்த்தாய். அவள் இரண்டு நிமிடத்தில் ஓடிப்போனாள். நீ சோர்ந்துவிடவில்லை. விளையாட்டுகளைக் கண்டுபிடித்தாய். "அரக்குக் கலர்ல ஒண்ணு எடுத்துகினு வா பாக்கலாம்" என்பாய். அவள் வீட்டையே புரட்டி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் ஆட்டுவாள். "இது அரக்கு இல்ல, இது மாந்துளிரு" என்று நீ வேண்டுமென்றே வம்பு செய்வாய். சேலை வியாபாரம் பார்த்த வீட்டுப் பிள்ளையிடம் நிறத்தில் ஏமாற்ற முடியுமா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவாள்.

தோசைக் கடை வைத்தாள். நீ அங்கிருந்து "ரெண்டு ரோஸ்ட், ஜல்தி" என்று கத்துவாய். நான் சுட்டுக் கொடுத்த நிஜத் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துத் திரையில் உன் வாய் இருக்கிற இடத்தில் வைத்து அழுத்துவாள். நீ மென்று காட்டி, "உப்பு கம்மி, ஓனர்" என்பாய். ஓடிப்போய் உப்பு அள்ளிக்கொண்டு வருவாள். தினமும் போனைத் துண்டால் துடைப்பது என் வேலை. கண்ணாமூச்சிதான் எல்லாவற்றுக்கும் மேல். நீ அங்கே கண்ணை மூடி இருபது எண்ணுவாய். அவள் இங்கே ஒளிவாள். அப்புறம் நான் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு வீடெல்லாம் நடப்பேன். "பீரோ பின்னாடி காட்டுப்பா. இல்லியே. கட்டிலுக்குக் கீழ குனிப்பா." எழுபது வயதில் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, சந்தோஷமாகக் குனிந்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தானே வெளியே வந்து விழுவாள். அந்த நாட்களில் தூரத்தில் இருக்கிறாய் என்ற நினைப்பே இந்த வீட்டில் இல்லை. அதைச் செய்யத் தெரிந்தவன் நீ. தெரியாதவன் செய்யாமல் விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். "ரெண்டே நாளுப்பா, சைட்ல இன்ஸ்பெக்ஷன், கழண்டு வர முடியாது" என்று குரல் அனுப்பினாய். கூடவே நான்கு சின்ன வீடியோக்கள். ஒன்றில் கண்ணாமூச்சி எண்ணுகிறாய், கொஞ்சம் தேடுகிற மாதிரி முகத்தை ஆட்டுகிறாய், கடைசியில் "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று சிரிக்கிறாய். இன்னொன்றில் தோசை மெல்லுகிறாய். எப்படிப் போட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாய். திரை முழுக்க வரவேண்டும், கீழே ஓடுகிற கோடு தெரியக்கூடாது, அவள் ஏதாவது கேட்டால் "நெட் சரியில்ல, அப்பாவுக்குக் காது கேக்கல" என்று சொல்லவேண்டும். குழந்தை ஏழு மணிக்கு அரிசி டப்பா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாளே என்று பயந்தேன். போட்டேன். நம்பினாள். அவ்வளவு சுலபமாக நம்பினாள் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கையை நானே தொடக் கூசுகிறது.

இரண்டு நாள் என்றது இரண்டு வாரம் ஆயிற்று, மாதம் ஆயிற்று. உன் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை மட்டும் நிஜமாக வந்தாய், மற்ற நாளெல்லாம் வீடியோ. நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன், சரவணா. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் கேள்வி கேட்கிற நேரம் பார்த்துக் கட்டைவிரலால் படத்தை நிறுத்துவேன். நீ வாய் திறந்தபடி உறைந்து நிற்பாய். "பாத்தியா, ஸ்டக் ஆயிடிச்சி" என்பேன். அவள் பேசி முடித்ததும் மறுபடி ஓடவிடுவேன். நீ சிரிப்பாய். அவள் சொன்னதற்குத்தான் நீ சிரித்தாய் என்று அவள் பூரித்துப்போவாள். ஐந்து வயதுக் குழந்தையை ஏமாற்றுவதில் ஒரு கிழவன் கைதேர்ந்தான். அதைப் போய்ப் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னான். சீ.

அவள் உதடு கிழிந்த நாளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். அன்றைக்கும் கண்ணாமூச்சி வீடியோதான். நீ எண்ணிக்கொண்டிருந்தாய். அவள் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் ஏறி நின்றுகொண்டாள், உயரத்தில் ஒளிந்தால் அப்பாவால் பார்க்க முடியாது என்று. நான் வழக்கம்போலப் போனை முன்னால் நீட்டிக்கொண்டு, "காணோமே, காணோமே" என்று நடிப்போடு வந்துகொண்டிருந்தேன். ஸ்டூல் சறுக்கியது. கதவுத் தாழ்ப்பாளில் வாய் இடித்து விழுந்தாள். கீழ் உதடு பிளந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. அவள் என்னிடம் வரவில்லை. நேராகப் போனிடம் வந்தாள். என் கையைப் பிடித்து இறக்கித் திரையில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, ரத்தம்! அப்பா, ரத்தம் வருது!" என்று கதறினாள். நீ அப்போதுதான் "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். கைதட்டினாய். "சூப்பர் சூப்பர், அப்பா ஜெயிச்சிட்டேன்" என்றாய். ரத்தம் சொட்டுகிற முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அவள் அழுகை நின்றுவிட்டது. அப்படி ஒரு குழந்தை அழுகையை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அடிபட்ட வலியைவிடப் பெரிதாக ஒன்று குறுக்கே வந்தால்தான் அப்படி நிற்கும். "தாத்தா, அப்பா ஏன் சிரிக்கிறாரு?" என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "அங்க இருட்டு கண்ணு, அப்பாவுக்கு ரத்தம் தெரியல" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். உன் முகத்தில் பட்டப்பகல் வெளிச்சம். என் கையிலிருந்து போனை வாங்கினாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் போன் சொல்லித்தர வேண்டுமா? விரலை வைத்துப் பின்னால் இழுத்தாள். நீ மறுபடி எண்ண ஆரம்பித்தாய். முன்னால் தள்ளினாள். நீ சிரித்தாய். பின்னால் இழுத்தாள், எண்ணினாய். தள்ளினாள், சிரித்தாய். திரையெல்லாம் ரத்த விரல் தடம். மூன்று நான்கு தடவை அப்படிச் செய்துவிட்டுப் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "இது வீடியோ அப்பா" என்றாள். கத்திச் சொல்லவில்லை. பழத்தில் புழு இருக்கிறது என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "நெஜ அப்பா எங்க?" நான் துண்டை எடுத்து ரத்தம் வழிகிற அவள் வாயைப் பொத்தினேன்.

இரண்டு தையல். சுகன்யா லேபிலிருந்து ஓடி வந்தாள். விழுந்ததைச் சொன்னேன், வீடியோவைச் சொல்லவில்லை. அவள் உனக்குச் சொல்ல, நீ உடனே நிஜமாகவே அழைத்தாய். குழந்தை போன் பக்கமே வரவில்லை. வாய் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாய். என்னிடம், "ஒரு குழந்தைய பாத்துக்கக்கூடாதாப்பா?" என்று கோபித்துக்கொண்டாய். கேட்டுக்கொண்டேன். நான் வாயைத் திறந்தால் இருவர் குட்டும் வெளியே வந்துவிடும் என்று, நீ திட்டியதை எச்சில் விழுங்குவதுபோல விழுங்கினேன்.

அன்றோடு நான் வீடியோ போடுவதை விட்டேன், அதையும் உனக்குச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நிஜ அழைப்பு. அவள் திரைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். "அப்பா, மூக்கத் தொடு" என்றாள். தொட்டாய். "காத இழு." இழுத்தாய். "நான் எத்தினி விரல் காட்றேன்?" மூன்று என்றாய். "இப்ப?" ஐந்து என்றாய். உனக்கு ஒரே குஷி. "ஏய், புது ஆட்டமா! செம்மயா இருக்குதே" என்று சிரித்தாய். அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்கடா, எம்பொண்ணு இன்னா கேம் கண்டுபுடிச்சிகினா" என்று காட்டினாய். நான்கு பேர் திரையில் முண்டியடித்து மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. நீ மூக்கைத் தொட்ட பிறகும் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம்தான் ஒரு வார்த்தை பேசினாள். சரவணா, அது ஆட்டம் இல்லை. நீ நிஜமா இல்லையா என்று அவள் சோதித்துப் பார்த்தாள். இன்றுவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதிக்கிறாள். நீ இன்றுவரை சிரிக்கிறாய்.

அப்போதுகூட உனக்கு வேலை இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். வெயிலில் இரும்புக்கு நடுவில் நிற்கிற பிள்ளை, பாவம் என்றுதான் இருந்தேன். போன மாதம் களம்பூருக்கு அரிசி வாங்கப் போனேன். மில் வாசலில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். சேத்துப்பட்டுக்காரர், பிரபு என்று பெயர், உன் கம்பெனியில் வேலை, லீவில் வந்திருக்கிறார். உன் அறைக்குப் பக்கத்து அறையாம், நீ பேசும்போது போனில் என் முகத்தைப் பார்த்திருக்கிறாராம். "சரவணன் அண்ணனா? அண்ணன் கேரம் போர்டுல கில்லாடிங்க. டூட்டி முடிஞ்சி நாலரைக்கு உக்காந்தா ஏழு மணி வரிக்கும் யாராலயும் எழுப்ப முடியாதுங்க" என்றார் நல்ல மனதோடு. "தினமுமா?" என்று கேட்டேன். "ஆமாங்க. பொங்கல் டைம்ல புது போர்டு வாங்கிட்டோம் இல்ல" என்றார். தலையை ஆட்டிவிட்டு லாரிகளுக்கு நடுவில் வந்து நின்றேன். தவிட்டுத் தூசி பறந்துகொண்டிருந்தது.

நீ விளையாடுவதை நான் குற்றம் சொல்லவில்லை. நாளெல்லாம் உழைத்தவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேரம் ஆடுவதில் என்ன பாவம்? "இன்னிக்கு அப்பா டயர்டா இருக்கேன், நாளைக்கு வெளாடலாம்" என்று மகளிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவள் சிணுங்கியிருப்பாள். அதைக் கேட்கிற சங்கடம்கூட உனக்கு வேண்டாம். நல்ல அப்பா என்ற பெயர் மட்டும் வேண்டும். நீ மூச்சிரைக்க ஓடிவர வேண்டிய இடத்துக்கு உன் உருவத்தை அனுப்பிவிட்டு, நீ சிவப்புக் காயைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தாய்.

இதை எங்கே கற்றாய் என்று யோசித்தபோதுதான் எனக்கு உண்மையான அருவருப்பு ஆரம்பித்தது. உனக்கு ஆறு வயது. நான் முதலாளியின் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு ஹூப்ளி, பெங்களூர் என்று கடை கடையாகப் போய்க்கொண்டிருந்த காலம். நம் வீட்டில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மார்க்கெட் பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நான் அடிப்பேன். அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருப்பாள். ஒரு ஞாயிறு நான் அடிக்கவில்லை. நீ பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாயாம். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிடும் என்று ஒன்றுக்குக்கூடப் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் கால்சட்டையிலேயே போய்விட்டாய் என்று அம்மா எழுதியிருந்தாள். அடுத்த வாரம் நான் அடித்தபோது நீ கேட்ட முதல் கேள்வி: "லைன் சரியாயிடிச்சாப்பா?" "ஆயிடிச்சி கண்ணு, போன வாரம் லைனே கெடைக்கல" என்றேன்.

லைன் கிடைத்தது, சரவணா. நான் முயற்சியே செய்யவில்லை. கூட இருந்த சேல்ஸ்மேன்களோடு காலைக் காட்சி சினிமாவுக்குப் போயிருந்தேன். போன் பூத் தியேட்டருக்கு எதிரிலேயே இருந்தது. உன் அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை. அவளும் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டேதான் போனாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். பொய்யை நீ என் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டாய் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நீ வளர்ந்தவன், உன் கணக்கு உன்னுடையது. ஆனால் நான் உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியன் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்றம் பழகியவனால்தான் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும்.

சுகன்யாவுக்குத் தெரிந்த விதத்தைக் கேள். ஒரு நாள் லேபில் கூட்டம், வரத் தாமதமாகும் என்று என் போனுக்கு அடித்தாள். வெறும் குரல்தான், படம் இல்லை. மித்ரா வாங்கிப் பேசினாள். "அம்மா, மூக்கத் தொட்டுக் காட்டு" என்றாள். "இதுல எப்டிடி காட்றது, வீட்டுக்கு வந்து காட்றேன்" என்று சுகன்யா சிரித்தாள். "அப்ப நீ வீடியோ அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை போனை என்னிடம் நீட்டிக் கட்டிலில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். சுகன்யா லேபை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அரை மணியில் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மாமா இது? வீடியோ அம்மான்றா. யார் சொல்லிக்குடுத்தா?"

சொன்னேன். பொங்கலிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னேன். சத்தம் போடுவாள், உனக்கு அடித்துக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அவரு பண்ணுவாருன்னு கூட நெனச்சிக்குவேன். நீங்களுமா மாமா?" என்றாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் கேட்டா புருஷன் பொண்டாட்டி சண்டையா போயிடும். நீங்களே சொல்லுங்க அவுருகிட்ட. அதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லுங்க." அவ்வளவுதான். அன்றைக்கு அவள் எனக்குச் சாப்பாடு போட்டபோது தட்டை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

மறுநாள் ஞாயிறு. மித்ராவை உட்காரவைத்துச் சொன்னேன். அது வீடியோதான், அப்பா பிடித்து அனுப்பினார், தாத்தாதான் போட்டேன், நெட் போச்சு என்று சொன்னதெல்லாம் பொய், தாத்தா செய்தது தப்பு. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் விசாரணை ஆரம்பித்தாள்.

"தோசக் கட?"

"மொதல்ல நெஜம் கண்ணு. அப்பறம் பொய்."

"அரக்குக் கலரு?"

"அது நெஜம்."

"எல்லா வாட்டியுமா?"

"எல்லா வாட்டியும்."

"நான் ரைம்ஸ் சொல்றப்ப அப்பா அழுதாரே?"

இல்லை சரவணா, அது நீ தும்மியபோது எடுத்த வீடியோ. கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அவள் பாட்டு முடிகிற இடத்தில் நான் அதை ஓடவிட்டேன். "பொய்" என்றேன். அந்த ஒன்றுக்குத்தான் அவள் முகம் மாறியது. ஒவ்வொன்றாகக் கேட்டு, நிஜம் ஒருபக்கம் பொய் ஒருபக்கம் என்று பிரித்துக்கொண்டாள். குப்பையில் விழுந்த அரிசியைப் பொறுக்குவதுபோல ஒரு குழந்தை தன் அப்பாவைப் பொறுக்கி எடுத்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும், "உன்கூட டூ" என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குடைக்குள் வந்தவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு இன்னும் பழையபடி இல்லை. நான் எது சொன்னாலும், "நெஜமா தாத்தா?" என்று ஒரு தடவை கேட்கிறாள். சோறு வெந்துவிட்டது என்றால்கூடக் கேட்கிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இதற்கிடையில்தான் நேற்று உன் பதினோரு வீடியோக்கள் வந்தன. இனிமேல் இந்த வீட்டுப் போனில் அந்த மாதிரி ஒன்று ஓடாது. பிறந்தநாள் அன்றைக்கு உன்னால் போனில் நிஜமாக வர முடிந்தால் வா. முடியாவிட்டால், முடியவில்லை என்று அவளிடமே நேராகச் சொல். வாரத்துக்கு ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரு நாள் வா. ஐந்து நிமிடம்தான் என்றால் ஐந்து நிமிடம். "இப்ப கேரம் ஆடிகினு இருக்கேன், அப்பறம் வரேன்" என்று சொல். அவளுக்குக் கேரம் என்றால் என்ன என்று நான் சொல்லித்தருகிறேன். நீ இல்லாத நாளில் நீ இல்லை என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். ஏழு மணிக்கு அவள் அழுதால் நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன், அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது. உன் மேல் எனக்கு வந்திருக்கிற அருவருப்பு ஒரு கடிதத்தில் தீருகிறதாக இல்லை. ஆனாலும் பெற்றவன் நான். அது இருக்கும்போதே உனக்கு இருமல் விட்டதா என்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்த ஏ.சி. பெட்டிக்கு நேராகப் படுக்காதே.

இன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, என்கூட வெளாட்றது அப்பாவுக்குப் போரடிச்சிடிச்சா?"

கேட்டதற்கெல்லாம் உண்மையே சொல்வேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தாலும் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. "அத அப்பாதான் சொல்லணும் கண்ணு" என்றேன். "சரி, வெள்ளிக்கெழம கேட்டுக்கறேன்" என்றாள்.

கேட்பாள். என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டு அனுப்பாதே.

உன் அப்பா